விசை என்றால் என்ன என்று கேட்ட ஹெர்ட்ஸ்



சிலருடைய பெயர் ரொம்பவும் பரவிவிட்டால், அந்தப் பெயருக்குள் இருந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். ஹெர்ட்ஸ் அப்படித்தான். சிங்கப்பூர் வானொலியில் ஒலி 96.8 வைக்கிறோம், அந்த எண்ணுக்குப் பின்னால் மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. வீட்டு வை-ஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ். புதுக் கைப்பேசி வாங்கப் போனால் திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்கிறோம். ஒரு விநாடிக்கு ஒரு அதிர்வு என்றால் ஒரு ஹெர்ட்ஸ். அவ்வளவுதான் பரீட்சைக்கு வேணும். அதோடு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவன். இந்த மாதம் அறிஞர் வரலாறு எழுதச் சொன்னபோது, நான் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வானொலி அலை இல்லை. அந்தக் கதை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அவர் உடம்பு முடியாமல் இருந்த கடைசி வருடங்களில் எழுதிய ஒரு புத்தகம்தான் காரணம். நாம் இடைநிலைப் பள்ளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எழுதும் நியூட்டனின் விதிகளை எடுத்து, அதிலுள்ள விசை என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்று அதில் அவர் கேட்டார். உலகமே பாராட்டிய ஒருவர், ஆரம்பப் பாடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்ட கேள்வி அது.

பட்டறையும் அரபு மொழியும்

ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22ஆம் தேதி ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் பிறந்தார். அப்பா குஸ்டாவ் வழக்கறிஞர். அப்பா வழிக் குடும்பம் யூத வம்சாவளி. அப்பா சிறு வயதிலேயே கிறிஸ்துவ மதத்துக்கு மாற்றப்பட்டவர். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

பையனுக்கு இரண்டு பக்கமும் கை ஓடியது. பள்ளியில் மொழிகளில் கெட்டிக்காரர். அரபு மொழிகூடப் படித்தார். வீட்டில் மரவேலை, கடைசல் வேலை. தானே செய்த கருவிகளை வைத்துச் சோதனை செய்வார். பிற்காலத்தில் இவர் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, கடைசல் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ரொம்ப வருத்தப்பட்டாராம். எவ்வளவு நல்ல கடைசல்காரனாக வந்திருக்க வேண்டியவன் என்று.

அப்பாவுக்கு ஒரு கடிதம்

பள்ளி முடிந்ததும் ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தது பொறியியல். 1875இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு வருடம் கட்டுமானப் பணியில் பயிற்சி. அடுத்து டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் பிறகு ஒரு வருடம் பெர்லினில் ரயில்வே படைப்பிரிவில் ராணுவச் சேவை. 1877 இலையுதிர் காலத்தில் பொறியியலைத் தொடர மியூனிக் போனார். அங்கே போன பிறகு மனசு கேட்கவில்லை.

அந்த நவம்பரில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயது 20. பொறியியலை விட்டுவிட்டு இயற்பியலுக்கு மாற அனுமதி கேட்டார். அதில் அவர் மறைக்காமல் எழுதிய ஒரு விஷயம் உண்டு. பெரிய பொறியாளர் ஆவதைவிடப் பெரிய ஆராய்ச்சியாளர் ஆவதே தனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டாம் தர ஆராய்ச்சியாளராக இருப்பதைவிட இரண்டாம் தரப் பொறியாளராக இருப்பதே மேல் என்றுதான் இதுவரை நினைத்து வந்ததாகச் சொன்னார். அதாவது தோற்றுப்போகும் பயம் அவருக்கும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் எஸ்.பி.எம் முடிவு வந்த வாரத்தில் இதே கணக்கைப் போட்டிருப்போம்! அப்பா சம்மதித்தார். பணமும் தொடர்ந்து அனுப்பினார்.

மியூனிக்கில் அந்தக் குளிர்காலம் முழுக்க லக்ராஞ்ச், லாப்லாஸ் போன்றவர்களின் மூல நூல்களை உட்கார்ந்து படித்தார். நியூட்டனுக்குப் பிறகு இயந்திரவியலைக் கட்டி எழுப்பிய புத்தகங்கள் அவை. அப்போது மனசில் விழுந்த விதை முளைக்கப் பல வருடம் ஆனது.

பெர்லினும் கார்ல்ஸ்ரூவும்

1878இல் பெர்லின் பல்கலைக்கழகம். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்க்காஃப் என்ற இரண்டு பெரிய ஆசான்கள். போன கொஞ்ச நாளிலேயே, ஓடும் மின்சாரத்துக்குச் சடத்துவம் உண்டா என்ற பரிசுக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 1879இல் தங்கப் பதக்கம் வாங்கினார். 1880இல் முனைவர் பட்டம், வயது 23. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார்.

அந்த டிசம்பர் விடுமுறையில் அவர் போட்ட ஒரு கணக்கை எங்கள் துறை மாணவர்கள் எல்லோரும் இன்றும் போடுகிறோம். இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றோடு ஒன்று அழுத்தினால், தொடும் இடம் எப்படி நசுங்கும், எவ்வளவு பரப்பு, எவ்வளவு அழுத்தம்? அதைத் தீர்த்து 1882இல் வெளியிட்டார். இன்றைக்குப் பேரிங்குக்குள் இருக்கும் உருண்டையும், பல்லோடு பல் உரசும் கியரும், தண்டவாளத்தில் உருளும் ரயில் சக்கரமும் அந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. பொறியியலை விட்டுப் போனவர் பொறியியலுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது.

1883இல் கீல் பல்கலைக்கழகம். 1885இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் பதவி. மறு வருடம் எலிசபெத் டோல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு ஜோஹன்னா, மதில்டா என்று இரண்டு பெண் குழந்தைகள்.

கார்ல்ஸ்ரூவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரமும் காந்தமும் அலையாகப் பரவும், ஒளியே அப்படியொரு அலைதான் என்று மேக்ஸ்வெல் தாளில் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஹெர்ட்ஸ் அதை அறையில் காட்டினார். ஒரு பக்கம் தீப்பொறி பறக்கும் கருவி. கம்பி எதுவும் இல்லாமல் எட்டத்தில், சின்ன இடைவெளி விட்டு வளைத்த ஒரு கம்பி வளையம். இங்கே பொறி பறந்தால் அங்கேயும் நுண்ணிய பொறி. இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அதைப் பார்த்து அளந்தார். துத்தநாகத் தகட்டில் அலையைத் திருப்பி அடித்தார். ஒன்றரை மீட்டர் உயரத்தில், 600 கிலோ கெட்டித் தாரில் ஒரு முப்பட்டகம் வார்த்து, ஒளி கண்ணாடியில் வளைவது போல் அலை அதில் வளைவதையும் காட்டினார். 1888 முடிவதற்குள் மேக்ஸ்வெல் சொன்னது சரி என்று ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிட்டது. நடுவில் 1887இல், புற ஊதா ஒளி பட்டால் தீப்பொறி எளிதாகப் பாய்கிறது என்று கவனித்து எழுதி வைத்தார். 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் கொடுத்த ஒளிமின் விளைவின் முதல் தடயம் அதுதான்.

1889இல் பான் பல்கலைக்கழகம் அழைத்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1890இல் ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது. வயது 33. வேறு யாராக இருந்தாலும் அலைகளையே தொடர்ந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஹெர்ட்ஸ் அதை மூடி வைத்துவிட்டு, நியூட்டனைத் திறந்தார்.

நூலில் கட்டிய கல்

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்று விதிகள் நமக்குத் தெரியும். முதல் விதி: விசை இல்லாவிட்டால் பொருள் அப்படியே இருக்கும், அல்லது நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகும். இரண்டாவது: விசை என்பது பொருண்மை பெருக்கல் முடுக்கம். மூன்றாவது: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. இருநூறு வருடமாக வானத்துக் கிரகத்திலிருந்து நீராவி இயந்திரம் வரைக்கும் இதில்தான் கணக்கு. விடை தப்பியதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வெற்றி.

விடை தப்பு என்று ஹெர்ட்ஸும் சொல்லவில்லை. அஸ்திவாரத்தில் சொற்கள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன என்றார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு நூலில் கல்லைக் கட்டிச் சுற்றுகிறோம்.

கை கல்லை உள்நோக்கி இழுக்கிறது. அந்த விசையால்தான் கல் நேராகப் பறக்காமல் வட்டமாகச் சுற்றுகிறது. இரண்டாம் விதி ஓகே. கல்லின் சடத்துவம், அதாவது இருந்த நிலையை விடாத அதன் பிடிவாதம், பொருண்மை என்ற பெயரில் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. இப்போ மூன்றாம் விதி: கல்லும் கையை வெளிநோக்கி இழுக்க வேண்டும். இழுக்கத்தான் செய்கிறது, நம் விரலே உணர்கிறது. அந்தக் காலப் பாடநூல்கள் இதற்கு மையவிலக்கு விசை என்று பெயர் வைத்தன.

இங்கேதான் ஹெர்ட்ஸ் நிறுத்துகிறார். அந்த வெளிநோக்கிய விசை எங்கிருந்து வந்தது? கல்லின் சடத்துவத்தைத் தவிர அது வேறு என்ன? அப்படியானால் ஒரே விஷயத்தை ஒரு தடவை பொருண்மை என்றும், இன்னொரு தடவை விசை என்றும் இரண்டு முறை எண்ணுகிறோமா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் இரண்டு விதிகளில் விசை என்பது காரணம். இயக்கத்துக்கு முன்னால் இருக்க வேண்டியது. கல்லோ சுற்றுவதால்தான் கையை இழுக்கிறது. நின்றுவிட்டால் அந்த இழுப்பும் இல்லை. அப்போ விசை இயக்கத்தின் காரணமா, இயக்கத்தின் விளைவா? ஒரே சொல் இரண்டாகவும் இருக்க முடியுமா?

இன்றைய பாடநூல் இதை ஓரளவு சுத்தமாக்கிவிட்டது. கையில் உணர்வது நூலின் இழுவிசை. மையவிலக்கு விசை என்பது கல்லோடு சேர்ந்து சுற்றுகிறவரின் பார்வையில் மட்டும் வருவது என்று பிரித்துச் சொல்கிறது. ஆனாலும் அடிக் கேள்வி போகவில்லை. விசை என்பது பொருண்மை பெருக்கல் முடுக்கம் என்பது இயற்கையின் விதியா, அல்லது விசைக்கு நாம் கொடுத்த விளக்கமா? விளக்கம் என்றால் எந்தச் சோதனையாலும் அதைப் பொய்யாக்க முடியாது. ஏனென்றால் அது நாம் வைத்த பெயர். விதி என்றால் முடுக்கத்தைத் தொடாமல் விசையைத் தனியாக அளந்து காட்ட வேண்டும். சுருள்வில் தராசால் அளக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் தராசில் எண்களைக் குறித்தது எப்படி? எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது அசையாமல் நின்றால் இரண்டு விசையும் சமம் என்று வைத்துக்கொண்டுதான். நியூட்டனின் விதி அங்கேயே நுழைந்துவிடுகிறது.

இந்தச் சங்கடம் ஹெர்ட்ஸுக்கு மட்டும் வரவில்லை. அவருடைய ஆசான் கிர்க்காஃப் 1876இலேயே, இயந்திரவியலின் வேலை இயக்கத்தை விவரிப்பதுதான், விசை அதற்கு உதவும் ஒரு பெயர் என்ற நிலைக்கு வந்திருந்தார். எர்ன்ஸ்ட் மாக் 1883இல் இயந்திரவியலின் வரலாற்றை எழுதி நியூட்டனின் அடிப்படைச் சொற்களைச் சல்லடையில் போட்டார். ஹெர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்.

அவர் சொன்ன இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேசையில் ஒரு இரும்புத் துண்டு சும்மா கிடக்கிறது. எதுவும் நடக்கவில்லை. இயற்பியல்காரரைக் கேட்டால், அதன் ஒவ்வொரு அணுவையும் பிரபஞ்சத்தின் மற்ற எல்லா அணுக்களும் இழுக்கின்றன என்பார். அதோடு காந்த விசை, மின் விசை, இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் உள் விசைகள். எல்லாம் சேர்ந்து ஒன்றை ஒன்று அடித்துச் சரியாகப் பூஜ்யம் ஆகிவிட்டதாம். ஆயிரக்கணக்கான காரணங்கள் வேலை செய்தும் ஒரு விளைவும் இல்லை! இவையெல்லாம் நிஜமாகவே இருக்கின்றனவா, அல்லது நம் கணக்கு முறை உண்டாக்கிய கூட்டமா என்று அவர் கேட்டார்.

ஆசிரியர்களைப் பற்றியும் எழுதினார். யோசிக்கிற மாணவர்களுக்கு இயந்திரவியலின் ஆரம்பத்தை விளக்குவது கஷ்டம். சொல்லும்போதே கூச்சமாக இருக்கும். சீக்கிரம் முன்னுரையைத் தாண்டி உதாரணக் கணக்குக்குப் போய்விட்டால் போதும் என்று தோன்றும் என்றார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டுட்டோரியல் வகுப்பில் யாராவது இது ஏன் என்று கேட்டால், சரி, முதலில் கணக்கைப் போடுவோம் என்று பதில் வருவது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை போலிருக்கிறது.

விசை இல்லாத இயந்திரவியல்

குறை சொல்வது எளிது. ஹெர்ட்ஸ் மாற்று ஒன்றைக் கட்டிக் காட்டினார்.

நம்முடைய கோட்பாடுகள் எல்லாம் உலகத்தைப் பற்றி நாம் மனசில் வரையும் படங்கள் என்றார். ஒரு படம் நல்லதா என்று பார்க்க மூன்று கேள்வி: அதற்குள் முரண்பாடு இல்லாமல் இருக்கிறதா? அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா? தேவையில்லாத பாரம் இல்லாமல் தெளிவாக இருக்கிறதா? வழக்கமான படத்தில் காலம், வெளி, பொருண்மை, விசை என்று நான்கு அடிப்படைகள். இன்னொரு படம் விசைக்குப் பதில் சக்தியை வைக்கிறது. ஹெர்ட்ஸ் வரைந்த மூன்றாவது படத்தில் மூன்றே மூன்று: காலம், வெளி, பொருண்மை. விசை அடிப்படையிலேயே இல்லை.

விசை இல்லாமல் எப்படி? என் துறையிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பக்கம் பிஸ்டன் முன்னும் பின்னும் போகிறது; மறுபக்கம் சக்கரம் சுற்றுகிறது. நடுவில் மூடி போட்டிருக்கிறது. மூடிக்குள் இருப்பது தெரியாதவர், இரண்டுக்கும் நடுவில் ஏதோ விசை இருக்கிறது என்பார். மூடியைத் திறந்தால் ஒரு தண்டும் சில இணைப்புகளும்தான். விசை என்று நாம் சொல்லும் எல்லா இடத்திலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பொருண்மைகளும் அவற்றின் இணைப்புகளும் இருக்கின்றன என்று ஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு விதி போதும்: இணைப்புகள் விட்டுக்கொடுக்கும் பாதைகளுக்குள், எந்தச் சுதந்திரமான அமைப்பும் மிக நேரான பாதையில் ஒரே வேகத்தில் போகும். விமானத்தில் இருக்கைக்கு முன்னால் வரும் வரைபடத்தைப் பாருங்கள். போகும் வழி வளைந்த கோடாகத் தெரியும். உருண்டையான பூமியில் அதுதான் நேர்வழி. வளைத்தது விசை இல்லை, பரப்பு.

விசை என்ற சொல்லை வேண்டாம் என்று அவர் தூக்கிப் போடவில்லை. கணக்குக்கு வசதியான இடைநிலைச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலகத்தின் அடியில் நிற்கும் பொருளாக எண்ண வேண்டாம் என்றார். விசையின் இயல்பு என்ன என்று மக்கள் தவிப்பது, அதைப் பற்றிய தகவல் போதாததால் இல்லை. ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல கருத்துகளை அந்த ஒரே சொல்லின் தலையில் ஏற்றிவிட்டதால். முரண்பாட்டை நீக்கினால், கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் மனசு அந்தத் தவறான கேள்வியைக் கேட்பதை விட்டுவிடும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கடைசி நாட்கள்

1892 கோடையில் சாதாரணச் சளி போல ஆரம்பித்தது. மூக்கு, காது, தாடை என்று தொற்று பரவியது. அறுவை சிகிச்சைகள் நடந்தன. வலி விடவில்லை. சோதனைக்கூட வேலை முடியாமல் போன நாட்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். 1893 டிசம்பர் தொடக்கம் வரை வகுப்பு எடுத்தார். அந்த மாதம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு ஏதாவது நடந்தால் துக்கப்பட வேண்டாம், கொஞ்சம் பெருமைப்படுங்கள், குறைவாக வாழ்ந்தும் நிறைவாக வாழ்ந்தவர்களில் தானும் ஒருவன் என்று ஆறுதல் சொன்னார். 1894 ஜனவரி 1ஆம் தேதி பான் நகரில் இறந்தார். வயது 36. பெரிய பெண்ணுக்கு ஆறு, சின்னவளுக்கு இரண்டு.

இயந்திரவியலின் தத்துவங்கள் என்ற அந்தப் புத்தகம் அதே வருடம் வெளிவந்தது. பதிப்பு வேலையை முடித்தவர் அவருடைய உதவியாளர் லெனார்ட். முன்னுரை எழுதியவர் வயதான ஆசான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

புத்தகத்துக்குப் பிறகு

ஹெர்ட்ஸின் திட்டம் ஜெயித்ததா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. அவர் எண்ணிய மறைந்த பொருண்மைகளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸே, உதாரணங்கள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குறைப்பட்டார். பாலம் கட்டுகிறவரும் கார் எஞ்சின் வடிவமைக்கிறவரும் விசையை விடவில்லை. நானும் பரீட்சையில் விசை அம்புக்குறிதான் வரைகிறேன்.

கேள்வி மட்டும் தோற்கவில்லை. மாணவப் பருவத்தில் ஹெர்ட்ஸின் எழுத்தைப் படித்தவர்களில் ஐன்ஸ்டைனும் ஒருவர். 1915இல் அவர் முடித்த பொதுச் சார்புக் கோட்பாட்டில் புவியீர்ப்பு ஒரு விசையே இல்லை. வளைந்த காலவெளியில் பொருள்கள் மிக நேரான பாதையில் போகின்றன. வழி வேறு, கணிதம் வேறு. ஆனால் விசையை எடுத்துவிட்டு நேர்பாதையை வைக்கும் அந்த எண்ணம் ஹெர்ட்ஸ் புத்தகத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பொறியியல் படித்துவிட்டுத் தத்துவத்துக்குப் போன விட்கென்ஸ்டைனும், 1921இல் வெளிவந்த தன் நூலில் ஹெர்ட்ஸின் பெயரைச் சொல்கிறார்.

லெனார்டின் கதை வேறு மாதிரிப் போனது. 1905இல் நோபல் பரிசு வாங்கியவர், பிறகு ஹிட்லரின் பக்கம் சேர்ந்து, யூத இயற்பியல் என்று ஒன்றைக் கற்பனை செய்து அதை எதிர்த்தார். ஹெர்ட்ஸ் பிறந்த வம்சம் அந்த ஆட்சிக்குக் குற்றமாகிவிட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானியான மகள் மதில்டா வேலையை இழந்தார். 1930களில் எலிசபெத்தும் இரண்டு மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார்கள். ஆனால் 1930இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர் வைத்துவிட்டது. ஒவ்வொரு வானொலிப் பெட்டியிலும் இருக்கும் பெயரை எந்த ஆட்சியாலும் அழிக்க முடியவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இப்போ படிவம் 4, 5இல் விசையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பயிற்சிக் கணக்கைப் போடுங்க, மதிப்பெண் வாங்குங்க, அது கட்டாயம் வேணும். ஹெர்ட்ஸும் முதலில் எல்லாக் கணக்கையும் போட்டவர்தான். அதனால்தான் அவர் கேட்டபோது உலகம் காது கொடுத்தது. ஆனால் தாளில் ஒரு அம்புக்குறி வரையும்போது, இந்த அம்புக்குறியை எந்தப் பொருள் எந்தப் பொருளுக்குக் கொடுக்கிறது, இது காரணமா, கணக்குக்கு வைத்த பெயரா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. வகுப்பில் கேட்டால் சிலர் சிரிக்கலாம். ராயல் சொசைட்டி பதக்கம் வாங்கிய ஒருவர், வலி தாங்கிக்கொண்டு தன் கடைசி வருடங்களைக் கொடுத்தது அந்தக் கேள்விக்குத்தான்.